பணம் அவங்களுடையது, கணக்கு என்னுடையது

செல்போன் கடை வேலை என்றால் ஒட்டுவதும் கழற்றுவதும்தான் என்று நினைத்துச் சேர்ந்தேன். முக்கால்வாசி நேரம் பயப்படுவதுதான் வேலை என்று ஒருத்தரும் சொல்லவில்லை.

கடை திருமலைராயன்பட்டினம் மெயின் ரோட்டில், பெட்ரோல் பங்குக்கு அடுத்தது. நாகப்பட்டினத்துக்காரர்கள் புதுச்சேரி எல்லைக்குள் விலை குறைவு என்று பெட்ரோல் போட வந்து, அப்படியே எங்களிடம் போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டு போவார்கள். நான் பிளஸ் ஒன்னில் இரண்டு பாடத்தில் போய், திரும்ப எழுதப் பிடிக்காமல் நின்றுவிட்டவள். சோகக் கதை எதுவும் கிடையாது. படிப்பு வரவில்லை, பொறுமை அதைவிட வரவில்லை. முதலாளி ஹாஜா பாய், ரிப்பேர் பார்க்கிற பிரபு, கவுண்டரில் நான். மூன்று பேர்தான் மொத்தக் கடையும்.

கவர், சார்ஜர் எல்லாம் முன்பக்க வியாபாரம். பின்பக்க வியாபாரம் காயின். வளைகுடாவில் வேலை பார்க்கிறவர்களுக்குப் பணம் அனுப்பும் கடை அவர்கள் தங்கியிருக்கும் கேம்பிலிருந்து ரொம்ப தூரம். லீவு நாளில் போனால் வரிசை. அனுப்புவதற்கே ஒரு பிடுங்கல். அதனால் அங்கேயே போனில் டாலர் காயின் என்கிற கிரிப்டோ காசை வாங்கி, எங்கள் கடை போனுக்கு அனுப்பிவிடுவார்கள். அதை நாங்கள் ஒரு ஆப்பில் முகம் தெரியாத யாருக்காவது விற்போம். வாங்குகிறவன் வங்கிக் கணக்கில் ரூபாய் போடுவான். எடுத்து வீட்டுக்காரர்களிடம் கொடுப்போம். பாய்க்குக் கொஞ்சம் கமிஷன். கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! அந்த வங்கிக் கணக்கு என் பெயரில் இருந்தது என்பது ஒன்றுதான் சிக்கல். ஒரு நாள் போலீஸ் வந்தால் பாயைத் தேடாது, பிரபுவைத் தேடாது, என்னைத்தான் தேடும். உங்களில் யாராவது அடுத்தவர் வசதிக்காகத் தன் பெயரில் கணக்கோ சிம்கார்டோ வாங்கிக் கொடுத்திருந்தால், வாங்க, பக்கத்தில் உட்காருங்க. என் நிலைமையை உங்களுக்கு விளக்கவேண்டியதில்லை.

கையெழுத்து எங்கே

பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து அங்கிருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். அப்படி ஒரு சொல்தா தாத்தா, பேரன் அபுதாபியிலிருந்து காயின் அனுப்பியிருக்கிறான் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு வந்தார். “எடு, பாக்குறேன்” என்றார். போனைக் காட்டினேன். “இது போனு. காசைக் காட்டு.” இதுதான் தாத்தா காசு, திரையில் இருக்கிற நம்பர்தான் என்றேன். மூக்குக்கண்ணாடியை மாற்றிப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

பிறகு சட்டைப்பையிலிருந்து ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து விரித்தார். “இதுல கவர்னர் கையெழுத்து இருக்கு. என் பென்ஷன் பேப்பர்ல ஒரு துரை கையெழுத்து இருக்கு. இதுல எங்க?” இதில் யாருடைய கையெழுத்தும் கிடையாது, இதை யாரும் தனியாக நடத்தவில்லை என்று பாய் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அப்படியே ஒப்பித்தேன். அதுவரை நான் அதை யோசித்ததே இல்லை. தாத்தா நோட்டை மடித்து உள்ளே வைத்தார். “அப்ப இது தொலைஞ்சா நான் யாரைப் போயிம்மா திட்டுறது?”

பிறந்தநாள் பிரியாணி

முதலில் பாயின் கணக்கில்தான் எல்லாம் நடந்தது. ஒரு நாள் அதை வங்கியில் பூட்டிவிட்டார்கள். ஏன் என்று கேட்டால் “டெக்னிக்கல் பிராப்ளம்” என்றார். அப்புறம் அவர் மனைவி கணக்கு. அதற்கும் டெக்னிக்கல் பிராப்ளம். அப்புறம் மச்சான் கணக்கு. அந்த மச்சான் இப்போது கடைப்பக்கமே வருவதில்லை. எனக்குப் பதினெட்டு முடிந்த அன்று பாய் கடைக்குள்ளேயே பிரியாணி வாங்கி வைத்து, “சுபா, பெரிய மனுஷி ஆயிட்டே. உன் பேர்ல ஒரு அக்கவுண்ட் இருந்தா நல்லதுதானே?” என்றார். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. என் பெயர் அச்சடித்த அட்டை! பாய் கெட்டவர் இல்லை. எங்கள் ஊரில் யாருக்கு எந்த ஆத்திர அவசரம் என்றாலும் முதலில் ஓடுகிற ஆள். தனக்கு எதுவும் நடக்காது என்று நம்புகிற ஜாதி, அவ்வளவுதான்.

பிரபுவிடம்தான் முதலில் கேட்டிருக்கிறார் என்பது பிரியாணி தீர்ந்த பிறகு தெரிந்தது. ஏன்டா மாட்டேன் என்றாய் என்று கேட்டேன். அவன் போனைப் பிளந்து வைத்துக்கொண்டு தலையைத் தூக்காமலே பாயிடம் சொன்னான்: “எனக்குப் பொண்ணு பாத்துக்கிட்டு இருக்காங்க பாய். அக்கவுண்ட் பூட்டுனவனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்? சுபாவுக்கு அந்தக் கவலை இல்ல, அவ வாய்க்கே எவனும் வரமாட்டான்.”

எள் விளக்கு வாங்கிய நோட்டு

பணம் யாரிடம் கொடுப்பது என்பதில் எங்கள் கடையில் ஒரு வழக்கம் உண்டு. காயின் வருவதற்கு முன்னால், ரகசியமாக ரொக்கம் கொண்டுவந்து கொடுத்த ஆட்கள் காலத்து வழக்கம். வீட்டுக்காரம்மா ஒரு பத்து ரூபாய் நோட்டை எடுத்து அதன் நம்பரைப் புருஷனிடம் போனில் படிப்பார். அவர் அதை எங்களுக்கு அனுப்புவார். அந்த நோட்டை யார் கொண்டுவருகிறாரோ அவரிடம் பணம். ஆதார் வேண்டாம், கேள்வி வேண்டாம். நோட்டு யாரிடமோ பணம் அவருக்கு. இதில்தான் என் உயிர் போகும்.

கருக்களாச்சேரி விஜயா அக்காவின் வீட்டுக்காரர் பஹ்ரைனில் மீன்பிடிப் படகில் இருக்கிறார். அக்கா ஒரு சனிக்கிழமை நம்பரைப் படித்துவிட்டு, அதே கையோடு திருநள்ளாறு போய், அந்த நோட்டைக் கொடுத்து எள் விளக்கு வாங்கி ஏற்றிவிட்டு, நேராகக் கடைக்கு வந்து நின்றது. “நோட்டு?” என்றேன். அக்காவின் முகம் வெளுத்தது. எனக்கு அதைவிட. அந்த நோட்டோடு வேறு யாராவது வந்து நின்றால் பாய் வழக்கப்படி கொடுத்துவிடுவார். நானும் அக்காவும் பாயின் ஸ்கூட்டரில் திருநள்ளாறு ஓடினோம். சனிக்கிழமைக் கூட்டம். விளக்குக்கடை அம்மாவின் டப்பா நிறையப் பத்து ரூபாய் நோட்டு, எல்லாம் எண்ணெய். அவர் விளக்கு விற்க விற்க, நாங்கள் கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாக நம்பர் பார்த்தோம். மீதிச் சில்லறையாக யாருக்காவது போயிருந்தால் கதை முடிந்தது. அக்கா வாய்க்குள் எதையோ முனகிக்கொண்டே இருந்தது. கடைசியில் டப்பாவின் அடியில் ஒட்டிக்கொண்டு கிடைத்தது. விளக்குக்கடை அம்மா அக்காவை மேலும் கீழும் பார்த்தார். “ஊரே பாவத்தைத் தொலைக்க வருது, நீ ஒருத்திதான்டி பத்து ரூவாயைத் தேடிக்கிட்டு வந்திருக்கே!”

பன்னிரண்டு வார்த்தை

இதைச் சிரிக்காமல் சொல்லவேண்டும். நூர்ஜஹான் அக்காவின் வீட்டுக்காரர் குவைத்தில் டிரைவர். காயினை எங்களுக்கு அனுப்பாமல் தன் போனிலேயே சேர்த்து வைத்திருந்தார். அந்த மாதிரிக் கணக்குக்குப் பன்னிரண்டு ஆங்கில வார்த்தை கொடுப்பார்கள். அந்த வார்த்தைகள் தெரிந்தால் போதும், உலகத்தில் எங்கே இருந்தும் யாரும் காயினை எடுத்துக்கொள்ளலாம். செத்தாலும் வெளியே சொல்லக்கூடாது. அவர் அதை மனைவிக்கு வாட்ஸாப்பில் அனுப்பிவிட்டார், போன் தொலைந்தால் வேண்டுமே என்று. அக்கா பணம் எடுத்துத் தரச் சொல்லி வந்து, கவுண்டரில் கண்ணாடி ஒட்ட வந்திருந்த நாலு பேர் நடுவில் நின்று எழுத்துக்கூட்டி உரக்கப் படிக்க ஆரம்பித்தார். “அக்கா, நிறுத்துங்க!” என்று நான் கத்தினதில் பிரபு ஸ்குரூடிரைவரைக் கீழே போட்டுவிட்டான்.

“ஏன் கத்துறே? காலையில உங்க கடையிலேருந்து ஒரு தம்பி போன் பண்ணுச்சு, அதுக்குப் பூரா படிச்சுக் காட்டினேனே. அது மரியாதையாத்தானே கேட்டுச்சு” என்றார். எங்கள் கடையிலிருந்து யாரும் போன் பண்ணவில்லை. குவைத்துக்குப் போன் போட்டு அவரைத் திறந்து பார்க்கச் சொன்னோம். உள்ளே ஒன்றுமில்லை. அந்த மனிதர் அழவில்லை. “சரி, சரி” என்று மட்டும் சொல்லிக்கொண்டே இருந்தார், அதுதான் கேட்க முடியவில்லை. வார்த்தைகளை யாரிடமும் சொல்லக்கூடாது என்று உங்களுக்குத் தெரியாதா என்று நான் அக்காவிடம் பாய்ந்துவிட்டேன். அவர் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சத்தம் போடாமல் கேட்டார்: “நம்பரைச் சொன்னாத்தான் பணம்னு இத்தனை நாளா எங்களைப் பழக்குனது நீங்கதானே புள்ள?”

வேற பேரு

ஆப்பில் ஒரே ஒரு சட்டம் முக்கியம். காயின் வாங்குகிறவன் பெயரும், ரூபாய் போடுகிறவன் பெயரும் ஒன்றாக இருக்கவேண்டும். வேறு பெயரில் பணம் வந்தால் காயினை விடாதே, திருப்பி அனுப்பு என்று சிவப்பு எழுத்தில் எழுதியே இருக்கும்.

விஜயா அக்காவின் வீட்டுக்கு மேல்தளம் போடுவதற்காகப் பெரிய தொகை வந்த நாள். சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி முடித்தாகிவிட்டது. மறுநாள் காலை கலவை மெஷினும் ஆட்களும் வருகிறார்கள். சென்ட்ரிங் பலகைக்கு நாள் வாடகை. அக்கா கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. காயினை விற்கப் போட்டேன். வாங்கியவன் ஒரு ஆண். பணம் வந்தது வசந்தா என்கிற பெயரிலிருந்து. காயினை விடுகிற பட்டன் மேல் என் விரல் நின்றுவிட்டது. “பாய், பேரு வேற” என்றேன். பாய் எட்டிப் பார்த்தார். இங்கேதான் நீங்கள் எங்களைப் புரிந்துகொள்ளவேண்டும். எங்கள் கடையில் யார் பணம் யார் பெயரில் இருந்தது? பாயின் வியாபாரம் என் பெயரில். பஹ்ரைன் சம்பளம் பத்து ரூபாய் நோட்டின் பெயரில். வேற பெயர் என்பது எங்களுக்குத் தப்பாகவே தெரியாது, அதுதான் வழக்கம். வேறு ஊர்க் கடையில் இருக்கிற எவளாவது அந்த இடத்தில் கையை எடுத்திருப்பாள். பாய் சிரித்துக்கொண்டே என் தோளுக்கு மேலே சொன்னார்: “பொண்டாட்டி அக்கவுண்டா இருக்கும் புள்ள. நாம மட்டும் நம்ம அக்கவுண்ட்லயா வாங்குறோம்? அமுக்கு.”

பூட்டு

தொகை பெரியது, ஏடிஎம்மில் எடுக்க முடியாது. காலையில் வங்கி திறந்ததும் நானும் விஜயா அக்காவும் போனோம். கவுண்டரில் இருந்தவர் என் பெயரைத் தட்டினார், திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்து உள்ளே போனார். ஒருவர் எழுந்து உள்ளே போவதைப் பார்த்து இவ்வளவு பயப்படலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். மேனேஜர் கூப்பிட்டு உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, மெதுவாகச் சொன்னார்: இந்தக் கணக்குக்கு வந்த பணத்தின் மேல் சைபர் கிரைமில் புகார் இருக்கிறது, முழுக் கணக்கையும் நிறுத்தியிருக்கிறோம், உங்களை விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். அவர் பேசியதில் எனக்குக் கேட்டது “உங்களை” என்பது மட்டும்தான்.

வெளியே வந்தால் விஜயா அக்காவின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, கலவை மெஷின்காரர். ஜல்லி, மணல், ஆட்கள் எல்லாம் இறங்கியாகிவிட்டது, பணம் எங்கே என்கிறார். அக்கா அவரைப் பிறகு வரச் சொல்லிவிட்டு, வங்கி வாசல் படியில் உட்கார்ந்தது. அக்கா வையும் என்று காத்திருந்தேன். ஒரு அறை விட்டிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். அக்கா என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துச் சொன்னது: “தலைக்கு மேல வானமே போதும்னா நான் ஓலைக் கொட்டாயிலேயே இருந்திருப்பேனேடி, அந்த மனுஷனை ஏன் கடலுக்கு அனுப்புனேன்?”

டீச்சர்

அன்று மத்தியானம் தெரியாத நம்பரிலிருந்து போன். எடுக்கவில்லை. திரும்ப வந்தது. பிரபு, “எடுக்காதே, எடுத்தா நீதான்னு உறுதியாயிடும்” என்றான். நான்தானே என்று எடுத்தேன். ஒரு அம்மா. திருச்சிப் பக்கத்தில் ரிட்டையர் ஆன டீச்சர், பெயர் வசந்தா. போலீஸ் உடுப்பில் வீடியோவில் வந்த யாரோ, உங்கள் பெயரில் போதைப் பார்சல் வந்திருக்கிறது, கைது செய்யப்போகிறோம் என்று மிரட்டி, கதவைச் சாத்தவைத்து, உட்காரவைத்து, ஒரு போன் நம்பருக்குப் பணம் போடச் சொல்லியிருக்கிறார்கள். அந்த நம்பர் என் நம்பர். திருடன் எங்களிடம் காயின் வாங்கினான். அதற்கான ரூபாயை டீச்சரை மிரட்டிப் போடவைத்தான். காயினோடு அவன் போய்விட்டான். மிச்சம் இருந்தது நானும் டீச்சரும்.

அவர் முதலில் நன்றாகத்தான் திட்டினார். பெயர் என்ன, என்ன படித்தாய், யார் பெற்ற பிள்ளை. நான் ஒளிக்கவில்லை. சுபா, பிளஸ் ஒன் பெயில், செல்போன் கடை, காயின் விற்றோம், அவன் திருடன் என்று தெரியாது, உங்கள் பெயரைப் பார்த்தேன், பார்த்தும் அமுக்கிவிட்டேன். உங்கள் பணம் என் கணக்கில்தான் இருக்கிறது, என்னாலும் எடுக்க முடியாது. ஆக ஒரே பணம். இங்கே ஒரு வீட்டின் மேல்தளம். அங்கே ஒரு டீச்சரின் சேமிப்பு. இரண்டு பேரும் கேட்பது நியாயம், இரண்டு பேரும் கேட்பது என்னிடம். கடைசியில் டீச்சர் வெடித்தார்: “திருடி மாதிரிப் பேசித் தொலையேன்டி, உன்னைத் திட்டிட்டாவது கொஞ்சம் படுப்பேன்!”

போன் விற்ற கதை

ஹாஜா பாய்க்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை. சாயங்காலம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு யோசனை சொன்னார். காயின் என்ற வார்த்தையே வரவேண்டாம். அந்த ஆளுக்கு நாம் மொத்தமாகச் செகண்ட் ஹேண்ட் போன் விற்றோம், அதற்குத்தான் பணம் வந்தது. பில் நான் போடுகிறேன், பிரபு சாட்சி. விற்ற பொருளுக்கு வந்த பணம் என்று ஆகிவிட்டால் பூட்டைத் திறந்துவிடுவார்கள் என்று யாரோ வக்கீல் குமாஸ்தா சொன்னாராம். விஜயா அக்காவுக்கு மேல்தளம் வந்துவிடும், எனக்கும் ஒன்றும் ஆகாது. “டீச்சருக்கு?” என்றேன். தொழுகைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்த பாய், எழுந்த இடத்திலேயே நின்றார்.

நான் பெரிய அரிச்சந்திரி இல்லை. எனக்கு அந்த யோசனை பிடித்திருந்தது என்பதுதான் உண்மை. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. வாசலில் பைக் நின்றால்கூட நான் கொல்லைப்பக்கம் போய் நின்றேன். ஆனால் போன் விற்றேன் என்றால் எந்த மாடல் என்பார்கள். மாடலைச் சொன்னால் யாரிடம் வாங்கினாய் என்பார்கள். அந்தப் பொய்க்கு ஒரு பொய், அதற்குக் காவலாக இன்னொரு பொய். எனக்கு ஒரு வரிசையில் நிற்கவே பொறுமை கிடையாது, இத்தனை பொய்யை எப்படி வளர்ப்பது? பிரபு மட்டும் ரொம்பத் தெளிவாக இருந்தான். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னான்: “பாய், நான் சாட்சி சொல்ல ரெடி, ஆனா எனக்கு அன்னைக்குக் காய்ச்சல் வரும்.”

நாற்காலி

காரைக்காலில் விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அம்மாவிடம் சொல்லி, வாங்கவேண்டிய திட்டையெல்லாம் வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்க விடமாட்டார்களோ என்று பயம். உட்கார்ந்தேன். விசாரித்த அதிகாரி என் அண்ணன் வயதுதான் இருப்பார். முகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. “சொல்லும்மா, பணம் எதுக்கு வந்துச்சு?”

காயின் என்று ஆரம்பித்தேன். ஆரம்பித்ததும் நிற்கவில்லை. பஹ்ரைன் படகிலிருந்து பத்து ரூபாய் நோட்டு வரைக்கும், சிவப்பு எழுத்துச் சட்டத்திலிருந்து பாயின் “அமுக்கு” வரைக்கும், போன் விற்றதாகச் சொல்லச் சொன்னது உட்பட. நடுவில் என்னை நிறுத்துவதற்காக அம்மா, என் புடவை முந்தானை என்று நினைத்துத் தன் முந்தானையையே இழுத்துக்கொண்டிருந்தார், நான் போட்டிருந்தது சுடிதார். எழுதிக்கொண்டிருந்த அதிகாரி ஒரு இடத்தில் பேனாவை வைத்துவிட்டு, “உன் முதலாளி பேரையும் சேர்த்துச் சொல்றேன்னு தெரியுதுல்ல?” என்றார். தெரியுது சார் என்றேன். “இப்படி ஊர்ப் பணத்தை வாங்கி மாத்திவிடுறதே தப்பு, அது உன் மேலயும் வரும், தெரியுதா?” இப்போது தெரியுது சார் என்றேன். என்னைக் கைது செய்வீர்களா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. “பொய் சொல்லியிருந்தா எனக்கு ரெண்டே பக்கத்துல முடிஞ்சிருக்கும். நீ உண்மையைச் சொல்லி, எனக்கும் உனக்கும் பெரிய வேலை வெச்சுட்டேம்மா.”

மேல்தளம்

டீச்சருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லிக் கோர்ட்டில் உத்தரவு ஆகிவிட்டது. அவரே போன் பண்ணிச் சொன்னார். பிளஸ் ஒன் எழுது என்று அரை மணி நேரம் பாடமும் எடுத்தார். ஹாஜா பாய் என்னைத் திட்டவில்லை. கடை அட்வான்ஸைத் திருப்பி வாங்கி, ஸ்கூட்டரையும் விற்று, விஜயா அக்காவின் பணத்தைக் கொடுத்தார். கடை இப்போது பூட்டிக் கிடக்கிறது. அவரும் விசாரணைக்குப் போய் வந்துகொண்டிருக்கிறார். ரோட்டில் என்னைப் பார்த்தால் தலையை மட்டும் ஆட்டுவார். எனக்கு அது திட்டைவிடக் கஷ்டம். பிரபுவுக்குப் பெண் அமைந்துவிட்டது.

சென்ட்ரிங் பலகைக்கு வாடகை ஏறி, கட்டின கம்பி மழையில் துருப்பிடித்து, அந்தத் துருவையெல்லாம் தேய்த்தெடுத்த பிறகு, விஜயா அக்கா வீட்டுக்கு ஒரு வழியாக மேல்தளம் போட்டார்கள். என்னைக் கூப்பிடும் என்று நான் நினைக்கவில்லை. கூப்பிட்டது. போனேன். கலவை மெஷின் சத்தத்தில் யாருக்கும் யார் பேசுவதும் சரியாகக் கேட்கவில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. பஹ்ரைனிலிருந்து வீட்டுக்காரர் வீடியோவில் வந்திருந்தார். அக்கா போனைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு மூலையாகக் காட்டியது. கொட்டுகிற கலவையை விட்டுவிட்டு, பின்னால் நிற்கிற ஒவ்வொரு முகமும் யார் யார் என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அக்கா போனைச் சட்டென்று மார்போடு அணைத்துக்கொண்டு, என் கையில் கேசரித் தட்டைத் திணித்தது. “தின்னுட்டுப் போடி. அவருகிட்ட மட்டும் மூஞ்சியைக் காட்டாதே. சுபான்னு பேரைக் கேட்டாலே அந்த மனுஷன் படகை ஊருக்குத் திருப்பிடுவாரு.”

என் கணக்கு இன்னும் பூட்டித்தான் இருக்கிறது, வழக்கில் நான் சாட்சியா குற்றவாளியா என்று இன்னும் முடிவாகவில்லை, ஆக இந்தத் தொழிலில் நான் கற்றது இவ்வளவுதான்: பணம் கடலைத் தாண்ட ஒரு நிமிஷம் போதும், அதில் மாட்டிய என் பெயர் கழன்று வர எவ்வளவு காலம் ஆகும் என்று மட்டும் எந்த ஆபீஸிலும் சொல்லத் தெரியவில்லை.